மண்ணைப் படிக்கும் சிறுவர்கள்

மணல் நிரப்பிய ஒரு பெரிய பெட்டி. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் சிறுவன் ஒருவன் தூரிகையால் மணலை மெல்லத் தள்ளுகிறான். அருகில் அவன் தாயார் தாளும் அளவுகோலுமாக அமர்ந்திருக்கிறார். மணலுக்குள்ளிருந்து ஒரு பானை ஓடு தலைகாட்டுகிறது. உடனே அவன் அதை எடுக்கக் கை நீட்டுகிறான். "பொறு தம்பி, முதலில் அளக்க வேண்டும்!" என்று தடுக்கிறார் வழிகாட்டி. சிறுவர்களும் குடும்பத்தினரும் பங்கேற்கும் தொல்லியல் பயிற்சிகளில் இத்தகைய காட்சியைக் காணலாம்.

ஓட்டை எடுப்பதற்கு முன் ஏன் அளக்க வேண்டும்? கலையாத நிலத்தில் பொதுவாக மேலடுக்கைவிடக் கீழடுக்கு பழைமையானது. ஒரு பொருள் எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் காலத்தை அறிய உதவுகிறது. குறித்து வைக்காமல் எடுத்துவிட்டால் அது வெறும் உடைந்த ஓடுதான். புத்தகத்தை எத்தனை முறையும் படிக்கலாம். மண்ணையோ ஒரே ஒரு முறைதான் படிக்க முடியும். தோண்டிய அடுக்கை மீண்டும் பழையபடி அமைக்க எவராலும் இயலாது.

சிங்கப்பூரின் பழைய வரலாற்றையும் மண்தான் வெளிப்படுத்தியது. 1984ஆம் ஆண்டு ஃபோர்ட் கேனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அகழாய்வு நடத்தினார். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. ராஃபிள்ஸ் 1819இல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தீவில் வணிகம் நடந்தது என்பதற்கு அவை சான்றாயின. 2015இல் எம்பிரஸ் பிளேஸ் பகுதியில் நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 3 டன் பொருள்கள் கிடைத்தன. அப்பணியில் ஆய்வாளர்களுடன் தொண்டூழியர்களும் கைகோத்தனர்.

கவனக்குறைவால் இழந்ததும் உண்டு. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் பழங்கால எழுத்துகள் பொறித்த பெரும்பாறை ஒன்று இருந்தது. 1843இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. ஆனால், அப்பாறை சொல்ல வந்த செய்தியை இன்றுவரை எவராலும் முழுமையாகப் படிக்க முடியவில்லை.

பயிற்சியின் அடுத்த கட்டத்தில் பிள்ளைகள் ஓடுகளை மென்மையாகக் கழுவுகிறார்கள். நிறம், தடிமன், வேலைப்பாடு ஆகியவற்றைப் பார்த்து வகைப்படுத்துகிறார்கள். பிறகு துண்டுகளைப் பொருத்திப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் சில துண்டுகள் கிடைப்பதே இல்லை. அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பக் கூடாது என்பதையும் அவர்கள் கற்கிறார்கள். சான்று எது, ஊகம் எது எனப் பிரித்தறியும் பழக்கம் இங்கேயே தொடங்குகிறது.

நகரில் புதிய கட்டடங்களும் சாலைகளும் எழுந்துகொண்டே இருக்கின்றன. அதனால், அகழாய்வுக்குக் கிடைக்கும் காலம் குறைவு. ஒரு நாள் தோண்டிய குழியொன்றின் ஓரத்தில் பழைய ஓடு ஒன்று கண்ணில் படலாம். மணல் பெட்டியில் பயின்ற பிள்ளை அதைப் பையில் போட்டுக்கொள்ளாது. கிடந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டு, உரியவர்களிடம் தெரிவிக்கும். அதன்பின், அந்த ஓடு தன் கதையைச் சொல்ல வழி பிறக்கும்.