படிவம் ஒன்றில் தொலையும் நம் பையன்கள்

ஒவ்வோர் ஆண்டும் எஸ்பிஎம் முடிவு வந்ததும் எங்களுக்கு ஒரே மாதிரியான வேலைதான். சிறந்த மாணவர்களின் படங்கள், பெற்றோரின் பேட்டி, பிறகு மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்ததா இல்லையா என்ற செய்தி. நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் படங்களில் பெண் பிள்ளைகளே அதிகம் என்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். பையன்கள் எங்கே என்று கேட்டால், "ஆம்பளப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று நம் வீடுகளிலேயே பதில் வந்துவிடுகிறது.

அந்தப் பதில் தவறு. இந்தப் பையன்களில் பலர் எஸ்பிஎம் தேர்வு மண்டபத்தில் தோற்பதில்லை. அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் இடத்திலேயே அவர்களைத் தொலைத்துவிடுகிறோம்.

தோட்டம் போனது, துணையும் போனது

1980க்கும் 2000க்கும் இடையில் சுமார் 3 லட்சம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தில் சம்பளம் குறைவுதான். ஆனால் வீடு, ஆயாக் கொட்டகை, கோயில், திடல், நடந்து போகும் தூரத்தில் பள்ளி எல்லாம் இருந்தன. பிள்ளை தப்புத்தண்டா செய்தால் கேட்க நாலு பேர் இருந்தார்கள்.

நகரத்து மலிவு விலை அடுக்குமாடியில் அப்பா லோரி ஓட்டுகிறார் அல்லது ஜாகா வேலை செய்கிறார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். மதியம் பள்ளி விட்டதும் பெண் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுகிறோம். பையன் கீழே இறங்குகிறான். அவன் எங்கே போகிறான், யாரோடு நிற்கிறான் என்று இரவு வரை யாருக்கும் தெரிவதில்லை.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அனைத்தும் ஆறாம் ஆண்டோடு முடிபவை. கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய பள்ளிகளும் உண்டு, நூறு மாணவர்கூட இல்லாத தோட்டப் பள்ளிகளும் உண்டு. எதில் படித்தாலும் பதின்மூன்று வயதில் பிள்ளை முழுக்க மலாய்மொழியில் நடக்கும் பெரிய இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். தமிழில் கணக்கும் அறிவியலும் படித்தவன், அதே பாடத்தை வேறு மொழியில் மறுபடி புரிந்துகொள்ள வேண்டும்.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தாகும் வரை, அதில் மலாய்மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாத தமிழ், சீனப் பள்ளி மாணவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்தார்கள். மொழியைத் தேற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் உடன் படித்த நண்பர்கள் ஒரு படிவம் மேலே போய்விட, தான் மட்டும் பின்தங்கியதாகப் பையன் எடுத்துக்கொள்கிறான். பிறகு தேர்ச்சி அடிப்படையில் வகுப்பு பிரிக்கும்போது கடைசி வகுப்பில் போய் விழுகிறான். நான் படித்த இடைநிலைப்பள்ளியிலும் கடைசி இரண்டு வகுப்புகளில் நம் பையன்களே நிறைந்திருந்தார்கள். "அந்தக் கிளாஸா?" என்று மாணவர்களே சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003 முதல் சட்டப்படி கட்டாயமாக இருந்தது ஆறாண்டுத் தொடக்கக்கல்வி மட்டுமே. தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆறாம் ஆண்டு முடித்து வீட்டில் நின்றுவிட்டவனைப் பற்றி அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2025இல்தான் மக்களவையில் நிறைவேறியது.

மெட்ரிகுலேஷன் இடங்கள் 2019இல் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் 90க்கு 10 என்ற ஒதுக்கீடு மாறவில்லை. அதைக் கேட்பது நம் உரிமை. 10ஏ பெற்ற அனைவருக்கும் இடம் என்ற 2024ஆம் ஆண்டு அறிவிப்பும் நல்லதே. ஆனால் இவையெல்லாம் எஸ்பிஎம் வரை வந்து சேர்ந்தவனுக்குத்தான். படிவம் இரண்டில் நின்றவன் அந்த வாசலுக்கே வருவதில்லை.

பெயர் சூட்டினால் போதும்

2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் இந்தியர் என்றது. மக்கள்தொகையில் நாம் அப்போது 7 விழுக்காட்டினர்தான். அந்தக் கணக்கு நம்மை வெட்கப்பட வைத்தது. அதோடு, நான்கு இந்தியப் பையன்கள் சேர்ந்து நின்றாலே 'கேங்' என்று பார்க்கும் பழக்கத்துக்கும் தீனி போட்டது. கட்டொழுங்கு ஆசிரியரின் கண் முதலில் அவன் மேல் விழுகிறது. பிரம்படியும் பள்ளி விதிகளின்படி ஆண் மாணவருக்கு மட்டுமே. பள்ளி ஒதுக்கும் பையனை 'வா தம்பி' என்று மரியாதையோடு அழைக்கும் ஒரே கூட்டம், கீழே மோட்டார் சைக்கிளோடு நிற்கும் கூட்டமாக இருந்தால் அவன் எங்கே போவான்?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறிய கறுப்பினத்தவரின் பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குறைந்தோருக்கான சிறப்புப் பள்ளிகளில் அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டார்கள். லண்டனில் ஆசிரியராக இருந்த கிரெனடா நாட்டுக்காரர் பெர்னார்ட் கோர்ட், 1971இல் ஒரு சிறு நூலில் இதை அம்பலப்படுத்தினார். பிள்ளைகளிடம் குறை இல்லை, அவர்களின் பேச்சுமொழியையும் பண்பாட்டையும் அறியாத தேர்வுகளிலும், 'இவனால் முடியாது' என்று முன்கூட்டியே முடிவு செய்த ஆசிரியர்களிடமும்தான் குறை என்றார். கறுப்பினப் பெற்றோர் அரசிடம் போராடினார்கள். காத்திருக்காமல், சனிக்கிழமைகளில் தாங்களே பள்ளி நடத்தவும் செய்தார்கள்.

நம்மிடமும் அந்த வழி உண்டு. வரலாற்றுப் பேராசிரியர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் ஒரு தலைமுறையையே பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டு சேர்த்தது. பள்ளியை விட்டுவிட்ட இளைஞர்களுக்கு உலு சிலாங்கூர், கலும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் தொழிற்பயிற்சி தருகிறது. நின்றுபோன பையனுக்கும் கதவு அடைபடவில்லை என்பதற்கு அது சாட்சி.

பெற்றோர் செய்யக்கூடியவை

முதலாவது, டியூஷன் பணத்தை எஸ்பிஎம் ஆண்டுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டில் மலாய்மொழிக்கும், படிவம் ஒன்று, இரண்டில் கணக்குக்கும் செலவிடுங்கள். மொழி தேறினால்தான் வரலாறும் தேறும். மலாய்மொழி, வரலாறு இரண்டில் ஒன்று தவறினாலும் எஸ்பிஎம் சான்றிதழ் கிடையாது.

இரண்டாவது, பள்ளிக்கு மட்டம் போட்டதற்கு வரும் முதல் எச்சரிக்கைக் கடிதத்தையே கடைசிக் கடிதமாக நினையுங்கள். மலாயில் இருப்பதால் புரியவில்லை என்றால், தெரிந்தவரிடம் அன்றே காட்டுங்கள். ஒருநாள் விடுப்பு எடுத்தாவது வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். பையனுக்கு வீட்டில் கேட்க ஆள் உண்டு என்று பள்ளிக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு. ஆறாம் ஆண்டில் பிரியாவிடை விருந்து வைத்து அனுப்புகிறோம். அடுத்த ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். பெயர் விடுபட்ட பையனின் வீட்டுக்கு இரண்டு பேர் போய் வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பதின்மூன்று வயதில் அவனைத் திருப்பிக் கொண்டுவருவது, பதினெட்டு வயதில் காவல் நிலைய வாசலில் நிற்பதைவிட எளிது.