ஒற்றைப் பசுத் தொழுவமும் பாலினம் பிரித்த விந்தும்

குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு வயல்களில் உழவு மாட்டின் இடத்தை டிராக்டரும் டில்லரும் பிடித்துக்கொண்ட பிறகு, பசு ஈன்றது காளைக்கன்று என்றால் அதைத் தீனி போட்டு வளர்ப்பதற்கான காரணம் மாடு வளர்ப்போருக்கு இல்லாமற்போனது. பிறக்கும் கன்று பெரும்பாலும் கிடேரியாகவே அமையும்படி முன்கூட்டியே வழிசெய்யும் பாலினம் பிரித்த விந்து அவர்களது கவனத்தை ஈர்ப்பதற்கு அதுவே அடிப்படை. ஆயினும் இந்த விந்து யாருக்கு, எந்த நிலையில் பயன்படும் என்பது அதைத் தயாரிக்கும் ஆய்வகத்தைக் காட்டிலும் பசு நிற்கும் தொழுவத்தைப் பொறுத்தே அமைகிறது.

காளையின் விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி எக்ஸ் குரோமோசோமையும் மறுபாதி ஒய் குரோமோசோமையும் சுமக்கின்றன. எக்ஸ் அணு கருமுட்டையோடு சேர்ந்தால் கிடேரியும், ஒய் அணு சேர்ந்தால் காளையும் பிறக்கும். ஒய்யைவிட எக்ஸ் பெரியது என்பதால், மாட்டினத்தில் எக்ஸ் அணுவில் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாக இருக்கிறது. இந்தச் சிறு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டுதான் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் லாரன்ஸ் ஜான்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் விந்தணுக்களைப் பிரிக்கும் முறையை உருவாக்கி, அவ்வாறு பிரித்த அணுக்களால் முயல் குட்டிகள் பிறந்ததை 1989-இல் வெளியிட்டனர். டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் ஒளிர்சாயம் ஏற்றப்பட்ட அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் கதிரின் முன் ஓடுகையில், அதிகம் ஒளிர்வது எக்ஸ் என்று கருவி கண்டறிந்து, அந்த அணு அடங்கிய நுண்துளிக்கு மின்னூட்டம் தந்து தனிக் குழாயில் விழச்செய்கிறது. இவ்வாறு பெறும் விந்தில் எக்ஸ் அணுக்களின் பங்கு ஏறத்தாழ 90 விழுக்காடு. தட்டையான தலை கொண்ட அணுக்களில் பல, கருவியின் முன் சரியான கோணத்தில் திரும்பாமல் கழிந்துபோவதாலும் பிரிக்கும் வேலை மெதுவாகவே நடப்பதாலும், வழக்கமான உறைவிந்துக் குச்சியில் 2 கோடி அணுக்கள் வரை இருக்கையில், பாலினம் பிரித்த குச்சியில் சுமார் 20 லட்சமே அடைக்கப்படுகின்றன.

மத்திய அரசின் தேசிய கோகுல் இயக்கத்தின் கீழ் இத்தகைய விந்தைத் தயாரிக்கும் வசதி பெற்ற மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. இங்கு அது உதகமண்டலத்தில் அமைந்தது. வெளிநாட்டுக் கருவிக்குப் பதிலாக உள்நாட்டிலேயே உருவான தொழில்நுட்பத்தை 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிரத்தின் வாஷிம் நகரில் பிரதமர் தொடங்கிவைத்தபோது, குச்சி ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாய் குறையும் என்று அரசு அறிவித்தது.

விலையைவிடப் பெரிய கேள்வி சினை நிற்பதில்தான் இருக்கிறது. சாயமும் லேசரும் அழுத்தமும் தாண்டி வந்த அணு, அதன் பின்னர் மைனஸ் 196 டிகிரி குளிரில் உறைந்து மீளவும் வேண்டியிருப்பதால் அதன் ஆயுள் சுருங்குகிறது, எண்ணிக்கையும் குறைவு. கணக்குக்காக, வழக்கமான விந்தில் 100 பசுக்களில் 40 சினைப்படுகின்றன என்று கொண்டால், கிடைக்கும் கிடேரிகள் சுமார் 20. பாலினம் பிரித்த விந்தில் 30 சினைப்பட்டால் 27 கிடேரிகள் கிடைக்கும். ஆதாயம் 7, ஆனால் கூடுதலாக 10 பசுக்கள் வெறுமனே நிற்கும். சினைப்பிடிப்பு 22-க்குச் சரிந்தால் கிடேரிக் கணக்கில் ஆதாயமே இல்லை. நூறு மாடுள்ள பண்ணை இந்த விகிதங்களைத் தாங்கிக்கொள்ளும். மக்கள் நெருக்கம் மிகுந்த குமரி மாவட்டத்தில் வீட்டோடு ஒட்டிய தொழுவத்தில் ஒன்றோ இரண்டோ பசு வைத்திருப்பவருக்கு விகிதம் என்பதே கிடையாது, சினை நின்றதா இல்லையா என்பது மட்டுமே உண்டு. தவறினால் அடுத்த சினைப்பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும், அதுவரை வைக்கோலும் தவிடும் அவருடைய செலவு.

உறைய வைப்பதே விந்தணுக்களில் கணிசமான பகுதியை அழிக்கிறது என்றால், உறைய வைக்காத புது விந்தைப் பயன்படுத்தலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். உண்மையில் செயற்கைக் கருவூட்டல் தொடங்கியதே புது விந்தில்தான். இந்தியாவில் அது 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பவரால் முதலில் நடத்தப்பட்டது. பின்னர் பல ஆண்டுகள் முட்டை மஞ்சள்கரு கலந்து நீர்த்த விந்தே பனிக்கட்டி இட்ட பிளாஸ்க்குகளில் ஊர் ஊராகச் சென்றது. கிளிசரின் சேர்த்து உறைய வைக்கும் முறையை இங்கிலாந்தில் போல்ஜும் ஸ்மித்தும் பார்க்ஸும் 1949-இல் கண்டறிந்த பின்னரே விந்துக்குக் காலமும் தூரமும் ஒரு பொருட்டாக இல்லாமற்போயின. இன்றும் நியூசிலாந்தில் புது விந்து பெருமளவில் பயன்படுகிறது, பாலினம் பிரித்த புது விந்தும் அதில் அடக்கம். அங்கே புல் வளரும் பருவத்தை ஒட்டி நாட்டின் பசுக்களில் பெரும்பாலானவை ஒரே காலத்தில் ஈனும்படி வைத்திருப்பதால், சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான சினை ஊசிகள் தேவைப்படுகின்றன. காலையில் எடுத்த விந்து வீணாக வழியில்லை.

குமரியில் நிலைமை நேரெதிரானது. இரு பருவமழையும் பெறும் இம்மாவட்டத்தில் பசுக்கள் ஆண்டு முழுதும் இங்கொன்றும் அங்கொன்றுமாகவே சினைப்பருவத்துக்கு வருகின்றன. சில நாள்களே தாங்கும் புது விந்தை 400 கிலோமீட்டருக்கும் அப்பாலிருக்கும் உதகமண்டலத்திலிருந்து கொண்டுவந்தாலும், அந்த நாளில் மாவட்டத்தின் விளவங்கோட்டிலோ கல்குளத்திலோ எத்தனை பசுக்கள் அதற்காகக் காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. உறைவிந்தை நோய்ப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவைக்க முடியும் என்ற பாதுகாப்பும் புது விந்துக்குக் கிடையாது. எனவே இங்கு கிடைக்கக்கூடியது பாலினம் பிரித்த உறைவிந்து மட்டுமே, அதன் பலவீனங்களோடு.

அந்தப் பலவீனத்தை ஓரளவு ஈடுசெய்வது நேரம். மாலையில் கத்தத் தொடங்கிய பசுவுக்கு மறுநாள் காலையில் ஊசி போடுவது பழைய நடைமுறை. அணுக்களின் ஆயுள் குறைந்த இந்த விந்துக்கோ, கருமுட்டை வெளிப்படும் நேரத்தை நெருங்கி, சினைப்பருவம் தொடங்கியதிலிருந்து சுமார் 18 முதல் 24 மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது என்று கூறப்படுகிறது. அப்படியானால் பசு எப்போது கத்தியது, எப்போது கண்ணாடி போன்ற சளி வழிந்தது என்பதைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர், பெரும்பாலும் தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பெண்தான். ஆனாலும் புழுக்கம் மிகுந்த கோடையில் கலப்பினப் பசுக்கள் பருவ அறிகுறிகளைச் சரிவரக் காட்டாமலே விட்டுவிடுவதுண்டு.

வேறொன்றும் கருதத் தக்கது. வட மாநிலங்களில் விற்க வழியின்றித் தெருவில் விடப்படும் காளைகள் பயிரை மேய்ந்து அழிப்பதால், காளைக்கன்றே பிறக்காமல் தடுப்பது அங்கு அரசின் அவசரம்; குமரியில் காளைக்கன்றுக்கு எல்லைக்கு அப்பாலுள்ள கேரளச் சந்தைகளில் சிறிதாவது விலை கிடைக்கிறது. ஆகவே இங்கு இந்த விந்தின் மதிப்பு, பிறக்கும் கிடேரி தாயைவிடக் கூடுதலாகப் பால் கறக்குமா என்பதிலேயே தங்கியிருக்கிறது. அதை முடிவு செய்வது லேசர் அல்ல, விந்து தந்த காளையின் பரம்பரை. குச்சியில் அச்சிட்ட காளை எண்ணைக் கொண்டு அதன் தாயின் பால் அளவைக் கேட்டறிவதும், உடல்நலத்தோடு முறையாகப் பருவத்துக்கு வரும் கிடேரிகளுக்கு முதலில் இதைப் போடுவதும், இரண்டு முறை சினை நிற்காத பசுவுக்கு மூன்றாம் முறை வழக்கமான விந்துக்கே திரும்புவதும் சிறு தொழுவத்துக்குப் பொருந்தும்.