அம்பு காட்டிய பூட்டு!

குழித்துறையில் எனக்குப் பழக்கமான ஆடிட்டரின் ஆபீஸ் மூன்றாவது மாடி. போன ஆனி மாதம் ஒரு சாயங்காலம் ஜி.எஸ்.டி. பில்களைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். வெளியே நல்ல மழை. அவர் என் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதே விநாடி... கரண்ட் கட்!

ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. செல்போன் டார்ச்சைத் தட்டினேன். பாட்டரி இரண்டு சதவீதம். அதுவும் கண்ணை மூடிக்கொண்டது.

கடைசி பஸ் கவலையில் படிக்கட்டுக்கு வந்தேன். ஜன்னலே இல்லாத படிக்கட்டு. கும்மிருட்டு.

அப்போதுதான் கவனித்தேன். சுவரில், முழங்கால் உயரத்தில், வெளிர்பச்சையாக ஓர் அம்பு. பக்கத்தில் ஓடுகிற மனிதர். திருப்பத்தில் இன்னொன்று. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூட்டிப் போகிற மாமா மாதிரி 'இப்படி வாங்கோ, இப்படி வாங்கோ' என்று கீழே வரை அழைத்து வந்துவிட்டது. கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தடவிப் பார்த்தால் பெரிய பூட்டு! முன்னால் அட்டைப் பெட்டிகள் வேறு.

வாட்ச்மேன் டார்ச்சோடு வந்தார்.

"சாரே, அந்த வழி பூட்டியாக்கும். இந்தப் பக்கமா வாருங்க."

"அம்பு இங்கேதானே காட்டுது?"

"அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒட்டினது. கதவைத் தொறந்து போட்டா, ரோட்டில போறவனெல்லாம் ஒண்ணுக்கு இருக்கக் கேறி வாறானுவ!"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் சிரிப்பு அடங்கி, டெல்லி உபஹார் தியேட்டர் ஞாபகம் வந்தது.

1997 ஜூன் 13. 'பார்டர்' படம். கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்தது. பால்கனியில் இருந்தவர்களைத் தேடி வந்தது தீ அல்ல, புகை. கரண்ட் போய்விட்டது. அவசர விளக்கு இல்லை. வெளியேறும் வழியைக் காட்ட விளக்கும் எரியவில்லை. கூடுதல் சீட் போடுவதற்காக ஒரு பக்கத்து நடைவழியையே அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்துபோனார்கள்.

புகை மேலே ஏறுகிற ஜாதி. கதவுக்கு மேலே மாட்டியிருக்கும் போர்டைத்தான் அது முதலில் விழுங்கும். தரையோரம் கொஞ்ச நேரமாவது கண் தெரியும். அதனால்தான் ஒளிரும் அம்புகளைத் தாழ்வாக ஒட்டுவது. ஓடும் பச்சை மனிதரை உருவாக்கியவர் ஜப்பான்காரர். பெயர் யூகியோ ஓட்டா. பொருத்தமான பெயர்!

நம்மூரில் இதையும் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். ரேடியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பைக்கில் ஒட்டுகிற ஸ்டிக்கர், ஹெட்லைட் பட்டால்தான் மின்னும். இந்த அம்போ, வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் தானாக ஒளிரும். முன்பெல்லாம் இதற்குத் துத்தநாக சல்பைடு பூச்சு. அது சீக்கிரம் களைத்துப்போகும். 1990-களில் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், மணிக்கணக்கில் நிற்கிறது. அதில் துளியூண்டு சேர்க்கும் யூரோப்பியம் போன்றவை அரிய மண் தனிமங்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டிலும் அந்த வம்சம் உண்டு!

பி.காம். பாஷையில் சொன்னால், டெபாசிட் போட்டால்தான் வித்டிராயல். படிக்கட்டில் லைட்டே போடாமல் மிச்சம் பிடித்தால், அம்பின் மேல் காலண்டர் மாட்டினால், ஆபத்து நேரத்தில் அக்கவுண்டில் பூஜ்யம்தான்.

இதன் அருமை நியூயார்க்குக்குத் தெரியும். 1993 பிப்ரவரியில் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டிலும் புகையிலும் தடவித் தடவி இறங்கினார்கள். அதன்பிறகு படி விளிம்புகளில் ஒளிரும் பெயின்ட் அடித்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று உயிரோடு இறங்கி வந்தவர்களில் பலர், அந்தப் பெயின்ட் உதவியது என்றார்கள். 2004-ல், உயரமான ஆபீஸ் கட்டடங்களுக்கெல்லாம் இதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது அந்த நகரம்.

ஆனால் எந்த அம்பும் பூட்டைத் திறக்காது. வாட்ச்மேனின் கஷ்டத்துக்கும் வழி இருக்கிறது. உள்ளே இருந்து தள்ளினால் திறக்கும், வெளியே இருந்து திறக்காது. அப்படிக் குறுக்குக் கம்பி வைத்த கதவுகள் கடையில் விற்கின்றன.

அடுத்த வாரம் பில்லோடு போனபோது வாட்ச்மேனிடம் கேட்டேன்: "அந்தப் பூட்டுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"மேனேஜர்கிட்ட."

"அவர் எங்கே?"

"மார்த்தாண்டத்தில."

நாளைக்கு உங்கள் ஆபீஸில் டீ டைமுக்கு லிஃப்டில் இறங்காதீர்கள். அம்பு காட்டும் வழியில் கடைசிவரை நடந்து பாருங்கள். கதவு திறந்தால் டீ குடித்துவிட்டு வாருங்கள். திறக்காவிட்டால் டீயை மறந்துவிட்டு, மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள்!