ரோபோவா ஆபரேஷன் பண்ணுது?

திருக்கனூர் பக்கம் முழங்கால் வலி என்றாலே இப்போ "ரோபோ ஆபரேஷன் நல்லதா?" என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். ரோபோ தானாக அறுப்பதில்லை. மாக்கோ போன்ற கருவியில், சி.டி. ஸ்கேனை வைத்து முன்கூட்டியே திட்டம் போடுகிறார்கள். ரம்பத்தைப் பிடிப்பது டாக்டர்தான். எல்லையைத் தாண்டினால் இயந்திரக் கை தடுத்துவிடும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் ஒரு 'பவுண்டரி செக்'. வெட்டு துல்லியமாகும், சரி. உள்ளே வைப்பது வழக்கமான உலோகமும் பிளாஸ்டிக்கும்தான்.

அந்தப் பொருளுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. சராசரியாக 1.58 லட்சத்துக்கு விற்ற கோபால்ட்-குரோமியம் மூட்டு, ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ரோபோ கட்டணம் இந்த வரம்புக்குள் வராது. நகையை அடகு வைக்கும் முன் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்க.

தேய்மானம் ஆரம்பத்திலேயே இருந்தால், உடம்பில் ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சுமை சுமார் நாலு கிலோ குறையும். அதுக்கு பில் கிடையாது.