கறுத்துப்போகும் உணவுக்குழாய் – சலரோகம் உள்ள அங்கத்தவர் கவனத்திற்கு

கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம் போன்ற நாட்களில் நம் அங்கத்தவர் பலர் உபவாசம் இருப்பது வழக்கம். அவர்களுள் சலரோகம் எனப்படும் நீரிழிவு உள்ள சிலர், "சாப்பிடாத நாளில் ஊசி எதற்கு?" என்று எண்ணி இன்சுலினையும் நிறுத்திவிடுவதுண்டு. இது எத்தகைய ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு அரிய நோயொன்றை இங்கு எடுத்துக்காட்டுகிறோம்.

இன்சுலின் போதாதபோது உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கின்றது. அதனால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேர்கின்றன. மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது உடலின் நீரையும் இழுத்துச் செல்கிறது. கடும் தாகம், வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மயக்கம் என்பன தொடரும். வைத்தியர்கள் இதைக் கீட்டோஅசிடோசிஸ் என்பர்.

இந்நிலை முற்றினால் மிகச் சிலருக்கு உணவுக்குழாயும் பழுதடைகின்றது. உடல் வறண்டு இரத்த அழுத்தம் குறைவதால் குழாயின் உட்சுவருக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. இரைப்பையின் அமிலமும் மேலேறி நலிந்த சுவரை அரிக்கின்றது. திசுக்கள் மடிந்து கறுத்துவிடுகின்றன. இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைந்த கீழ்ப்பகுதியே பெரும்பாலும் பாதிக்கப்படும். குழாய்க் கமராவினால் நோக்கும்போது, அக்கறுப்பு இரைப்பையின் வாயிலில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். 1990 ஆம் ஆண்டில் இவ்வாறு நோக்கி விவரிக்கப்பட்ட இந்நோயை "கறுப்பு உணவுக்குழாய்" என்றே வைத்தியர்கள் அழைக்கின்றனர்.

கோப்பித்தூள் போன்ற வாந்தியும் தார் போன்ற கரிய மலமும் இதன் முக்கிய அறிகுறிகள். இவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நாளம் வழியாக நீரும் இன்சுலினும் ஏற்றி, அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து, வாய்வழி உணவை நிறுத்தி வைப்பார்கள். பலர் குணமடைவர், சிலருக்குக் குழாய் பின்னர் சுருங்கக்கூடும், துளைபட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, விரதத்திற்கு முன்பே வைத்தியரிடம் ஆலோசனை பெறுங்கள். இன்சுலின் அளவை அவர் மாற்றக்கூடும், நீங்களாக நிறுத்தவேண்டாம். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்போர் அதனையும் சொல்லுங்கள். அவற்றால் சர்க்கரை அதிகம் உயராமலே கீட்டோன் சேரலாம். வாந்தியோ காய்ச்சலோ கண்டால் சர்க்கரையையும் கீட்டோனையும் பரிசோதித்து, நீர் அருந்துங்கள். நீரும் வயிற்றில் தங்காவிடின் தாமதிக்க வேண்டாம்.

உடம்பை இறைவன் உறையும் இடமாகப் போற்றுவது நம் சமயம். உணவைக் குறைப்பது விரதமாகலாம். மருந்தை நிறுத்துவது விரதமாகாது.