கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு இருமலா? அலட்சியம் வேண்டாம்!

மார்பகம், நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், லேசான காய்ச்சல் வரும் சிலருக்கு. மாமல்லபுரம், கோவளம் பக்கமென்றால், 'கடல்காத்து ஒத்துக்கலை' என்று இருமல் மருந்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால், இது கதிர்வீச்சால் நுரையீரலில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை முடிந்து 6 மாதங்கள் வரைகூட இது தலைகாட்டும்.

காசநோய், நிமோனியாவுக்கும் இதே அறிகுறிகள்தான். அதனால் சளிப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் அவசியம். கதிர் பாய்ந்த பகுதியை ஒட்டியே நிழல் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

தொந்தரவு இல்லையென்றால் கண்காணிப்பே போதும். மூச்சுத்திணறல் இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரைதான் முதல் மருந்து. சில நாள்களிலேயே நிம்மதி தெரியும்; ஆபத்தும் அங்கேதான். 'சரியாகிவிட்டதே' என்று சட்டென நிறுத்தினால் அழற்சி திரும்பக்கூடும். பல வாரங்களில் படிப்படியாகவே அளவைக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும்.

அழற்சி தழும்பாக இறுகிவிட்டால் ஸ்டீராய்டு அதைக் கரைக்காது. பிறகு மூச்சுப்பயிற்சியும், தேவைப்பட்டால் ஆக்சிஜனும்தான் துணை.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 1928-ல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனைக்கோ போகும்போது கதிர்வீச்சு ஃபைலை மறக்காதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு, எப்போது கொடுத்தார்கள் என்பதுதான் மருத்துவருக்கு முதல் துப்பு!