பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் பேஜ்மேக்கர் ஓடுமா? விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ஆடி மாதம் வந்தாலே தேனி மாவட்டம் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் சனிக்கிழமை தோறும் திருவிழாதான். கோயில் நோட்டீஸோ, கல்யாணப் பத்திரிகையோ, பல டிடிபி கடைகளில் இன்னமும் கைகொடுப்பது பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும்தான். பேஜ்மேக்கருக்கு விண்டோஸ் வேண்டும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது கிடையாது.

அப்போ கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணுமா? வேண்டாம். லினக்ஸ் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதா?

இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம்.

விண்டோஸ் சாஃப்ட்வேர் ஏன் நேரடியாக ஓடாது?

ஃபைலைத் திற, திரையில் எழுத்தைக் காட்டு என எல்லாவற்றையும் ஒரு சாஃப்ட்வேர் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம்தான் கேட்கும். விண்டோஸ் சாஃப்ட்வேர் கேட்கும் பாஷை லினக்ஸுக்குப் புரியாது. கம்பம் சந்தையில் மலையாள வியாபாரிக்கும் தமிழ் விவசாயிக்கும் நடுவில் ஒருவர் நின்று பேச்சை மாற்றிச் சொன்னால் வியாபாரம் நடக்கும் இல்லையா? அந்த வேலையைச் செய்வதுதான் 'வைன்'. 1993-ல் தொடங்கி, 15 ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2008-ல் இதன் 1.0 பதிப்பு வந்தது. முழுக்க இலவசம்.

எப்படிப் போடுவது?

லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றின் சாஃப்ட்வேர் மேனேஜரில் 'வைன்' எனத் தேடி இன்ஸ்டால் செய்யலாம். பிறகு விண்டோஸ் செட்டப் ஃபைலை வைன் மூலம் திறந்தால் போதும். உங்கள் சாஃப்ட்வேரின் எந்த வெர்ஷன் எவ்வளவு ஒழுங்காக ஓடும் என்பதை வைன் இணையதளத்தின் 'ஆப்டிபி' பட்டியலில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

எது ஓடாது?

விண்டோஸ் டிரைவர்களை வைன் ஏற்றாது. எனவே பிரின்டர், கைரேகை ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலை நின்றுவிடும். இன்னொன்று, வைன் வழியாக விண்டோஸ் வைரஸும் ஓடலாம். உங்கள் ஃபைல்களையும் தொடலாம். கண்ட இடத்தில் டவுன்லோட் செய்ததைத் திறக்காதீர்கள்.

வேறு வழி?

விர்ச்சுவல் பாக்ஸ் மூலம் லினக்ஸுக்குள்ளேயே முழு விண்டோஸையும் ஓட்டலாம். ஆனால் அதற்கு விண்டோஸ் லைசென்ஸ் வேண்டும், ரேமும் அதிகம் வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் திணறும்.

பழைய தமிழ் ஃபைல்கள் என்னாகும்?

பாமினி எழுத்துரு ஃபைலை லினக்ஸிலேயே இன்ஸ்டால் செய்யலாம். அது இல்லாவிட்டால் தமிழ் வரிகள் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். பேஜ்மேக்கர் ஃபைல்களை லிப்ரே ஆபீஸும் திறக்கும். ஆனால் லேஅவுட் கொஞ்சம் கலையலாம்.

விண்டோஸை அழிப்பதற்கு முன் இரண்டு வேலை முக்கியம். எல்லா ஃபைலையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பென்டிரைவில் லினக்ஸை 'லைவ்' ஆக ஓட்டி, பிரின்டர் வேலை செய்கிறதா எனப் பாருங்கள். அதன் பிறகு இன்ஸ்டால் செய்தால் சீசன் நேரத்தில் கடை நிற்காது.